உம்மாவின் கன்னத்தில் ஒதுங்கிய சோறு

இரவுச் சாப்பாட்டு நேரம். உம்மாவின் முன்னால் சோறு வைத்து அரை மணி நேரமாகி விட்டது. நாலாவது கவளம் இன்னும் வாய்க்குள்ளேயே இருக்கிறது. மெல்லவுமில்லை, விழுங்கவுமில்லை. கன்னத்தில் ஒதுக்கிக் கொண்டு சுவரைப் பார்த்தபடி இருக்கிறார். "முழுங்குங்க உம்மா, முழுங்குங்க" என்று நீங்களும் பத்துத் தடவை சொல்லி விட்டீர்கள். அடுப்படியில் வேலை கிடக்கிறது. பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை. கடைசியில் உங்களை அறியாமலே குரல் உயர்ந்து விடுகிறது. "வேணுமெண்டே செய்றீங்க!"

சகோதரியே, அவர் வேண்டுமென்று செய்யவில்லை. பிடிவாதம் என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் நோயின் வேலைதான்.

டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோய் பெயர்களையும் முகங்களையும் மட்டும் மறக்கச் செய்வதில்லை. உடம்பு தானாகச் செய்து வந்த காரியங்களையும் அது ஒவ்வொன்றாக அழிக்கிறது. நடப்பது, உடுப்பது, பேசுவது, கடைசியில் சாப்பிடுவதும் விழுங்குவதும். அமெரிக்காவில் 22 பராமரிப்பு இல்லங்களில், முற்றிய நிலை மறதி நோயுள்ள 323 பேரைப் பதினெட்டு மாதங்கள் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. அந்தக் காலத்துக்குள் நூற்றுக்கு 86 பேருக்கு உண்பதில் கோளாறு வந்தது. ஆக, இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் அதிசயமல்ல. நம் நாட்டில் ராகமைப் பகுதியில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாலு பேருக்கு இந்நோய் இருந்தது. நம் வீடுகளில் மூத்தவர்களின் தொகை கூடக் கூட இதுவும் கூடவே செய்யும்.

காரைநகரும் நாமும்

யாழ்ப்பாணத்திலிருந்து பொன்னாலைத் தாம்போதியைக் கடந்து காரைநகருக்குள் போய்ப் பாருங்கள். பூட்டிக் கிடக்கும் கல்வீடுகள் கண்ணில் படும். காகம் போகாத ஊருக்கும் காரைதீவார் வியாபாரத்துக்குப் போவார்கள் என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. 1991இல் போர் அந்த ஊரையே இடம்பெயர வைத்தது. இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் அவர்களுக்கு ஊர்ச் சங்கங்கள் இருக்கின்றன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போன இளைஞர்கள் இப்போது தாத்தா, பாட்டிகள். அவர்களிற் சிலர் அந்நாட்டுப் பராமரிப்பு இல்லங்களில் இருக்கிறார்கள். ஊரோடு தங்கி விட்ட முதியவர்களையோ சம்பளத்துக்கு வரும் ஒரு பெண் பார்த்துக் கொள்கிறார், அல்லது கைதடி போன்ற இடத்திலுள்ள முதியோர் இல்லம் பார்த்துக் கொள்கிறது.

அந்த ஊர்க் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். காரைநகரில் 'பாதை' ஏறினால் மறுகரையில் ஊர்காவற்றுறை. அங்கிருந்து வேலணைப் பக்கம் வந்தால் மண்கும்பான் பள்ளிவாசல். குறிகட்டுவானில் படகேறினால் நம்மவர்கள் வாழ்ந்த நயினாதீவு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது நாற்பது வயதில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கொண்டு புத்தளத்துக்கு வந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டி விட்டார்கள். அவர்களுடைய மக்கள் கொழும்பில், மத்திய கிழக்கில், ஐரோப்பாவில். வீட்டில் உம்மும்மாவுக்குச் சோறு ஊட்டுவது பல இடங்களில் பாடசாலைக்குப் போகும் பேத்தி. காரைநகரின் வயோதிபமும் நம்முடைய வயோதிபமும் ஒரே கடலின் இரண்டு கரைகள்தான்.

இந்த நோயில் பிந்தி வந்த நினைவுகள் முந்திப் போகும். பழையவை கடைசி வரை நிற்கும். புத்தளத்தில் முப்பது வருடம் வாழ்ந்த மூதாட்டி, மஃரிப் நேரமானால் "வீட்டுக்குப் போவம்" என்று எழும்பி நிற்பது இதனால்தான். அவர் கேட்கும் வீடு சோனகத் தெருவில் இருக்கிறது. அவருடைய நாக்கும் அங்கேதான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஒரு கவளத்தின் பயணம்

ஒரு கவளம் வயிற்றுக்குப் போக என்னென்ன நடக்க வேண்டும்? முதலில் அது உணவு என்று கண்டறிய வேண்டும். வாயைத் திறக்க வேண்டும். மென்று, உமிழ்நீரோடு சேர்த்து உருட்டி, நாக்கால் பின்னுக்குத் தள்ள வேண்டும். அந்தக் கணத்தில் மூச்சு நின்று, குரல்வளை மேலே எழும்பி, மூச்சுக்குழாயின் வாசல் மூடிக் கொள்கிறது. கவளம் உணவுக்குழாயில் இறங்கியதும் வாசல் மறுபடி திறக்கிறது. எல்லாம் ஓரிரு விநாடிக்குள். நாளொன்றுக்கு எத்தனையோ நூறு தடவை நாம் நினையாமலே நடக்கிற காரியம். சுப்ஹானல்லாஹ்!

மறதி நோயில் இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியும் அறுந்து போகலாம். சிலருக்குக் கோப்பையில் இருப்பது உணவென்றே தெரிவதில்லை. சிலர் வாயில் வாங்கிக் கொண்டு அடுத்து என்ன செய்வதென்று அறியாமல் நிற்பார்கள். உங்கள் உம்மா கன்னத்தில் ஒதுக்குவது இதுதான். வேறு சிலருக்கு, முக்கியமாகப் பாரிசவாதம் கண்டவர்களுக்கும் கை நடுக்கமுள்ளவர்களுக்கும், வாசல் மூடுவது பிந்துகிறது. தண்ணீர் முந்திக் கொண்டு மூச்சுக்குழாய்க்குள் போய் விடுகிறது.

புரைக்கேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்போம். சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் புரைக்கேறும் முதியவரை அப்படிச் சிரித்து விட்டு விடாதீர்கள். அதை விட மோசமான நிலை ஒன்றும் உண்டு. இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் இறங்குவது. இருமும் சக்தியும் மங்கிப் போன உடம்பில் இது சத்தமில்லாமல் நடக்கும். சாப்பிட்ட பின் குரல் ஈரமாக, கரகரவென்று மாறுவது, சாப்பாட்டோடு மூச்சு வாங்குவது, காரணம் தெரியாமல் அடிக்கடி காய்ச்சல் வருவது, உடை தளர்ந்து போகும் அளவுக்கு மெலிவது, இவைதான் அதன் அடையாளங்கள். நியூமோனியா என்று ஆஸ்பத்திரியில் சொல்லும் பல காய்ச்சல்களின் தொடக்கம் சாப்பாட்டுப் பாயில் இருக்கிறது.

நோயின் மேல் பழி போடும் முன்

ஆனாலும் எல்லாவற்றையும் மறதி நோயின் தலையில் கட்டி விடாதீர்கள். சொல்லத் தெரியாத வாய்க்குள் என்ன இருக்கிறதென்று முதலில் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில், ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாம். பல்வலி இருக்கலாம். மெலிந்த முகத்தில் கட்டுப்பல் ஆடலாம். நாக்கில் வெள்ளை படர்ந்த பூஞ்சைப் புண் இருக்கலாம். வெற்றிலை போட்டுப் பழகிய நம் மூத்த பெண்களுக்கு வாய்ப் புண்ணை அலட்சியம் செய்யவே கூடாது. ஆறாத புண்ணைப் பல் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். மலச்சிக்கலும் பசியைக் கொல்லும். நித்திரைக்கும் குழப்பத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் வாயை உலர்த்தி, விழுங்குவதையும் மந்தமாக்கும். உண்ணாமை புதிதாகத் தொடங்கியிருந்தால், மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போய் டொக்டரிடம் காட்டுங்கள். பல சமயம் கோளாறு அந்தப் பையில்தான் இருக்கும்.

விழுங்கும் கோளாறைச் சோதிப்பவர்கள் பேச்சுச் சிகிச்சையாளர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பேசப் பழக்குவது மட்டுமே அவர்கள் வேலை என்று நினைக்கிறோம். ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இவர்களுக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. தமிழ் தெரிந்தவர்கள் குறைவுதான். அதற்காகக் கேட்காமல் இருந்து விடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் "விழுங்குவதைப் பார்க்க வேண்டும்" என்று நீங்களே கேளுங்கள்.

என்ன கொடுப்பது?

நம் அடுப்படிக்கு வருவோம். விழுங்கக் கடினமான உணவு எது தெரியுமா? கெட்டியும் தண்ணீரும் கலந்தது. தீவுப் பக்கத்து ஒடியற்கூழை எடுத்துக் கொள்ளுங்கள். மாக்கூழுக்குள் மீன், நண்டு, பலாக்கொட்டை, பயற்றங்காய் எல்லாம் மிதக்கும். ஆரோக்கியமானவர்களுக்கு அமிர்தம். இந்த நோயாளிக்கோ வாய்க்குள் இரண்டு வேலை. கூழ் தொண்டைக்கு ஓடும்போது நண்டுச் சதை பல்லில் நிற்கும். அதற்காக அந்த ருசியையே மறுக்க வேண்டுமா? வேண்டாம். கூழை வடித்து, முள்ளும் ஓடும் நீக்கிய மீன், நண்டுச் சதையை அரைத்து அதே கூழில் கலந்து தடிப்பாகக் கொடுங்கள். நான் நாக்கு அங்கேதான் இருக்கிறது என்று சொன்னது இதற்குத்தான். ஊர் ருசி பட்டதும் வாய் திறப்பதைப் பல வீடுகளில் காணலாம்.

உதிரும் பிட்டு ஆபத்து. தூள் தூளாகத் தொண்டையில் சிதறும். அதையே வாழைப்பழத்தோடு நன்றாகப் பிசைந்தால் ஒட்டி உருண்டு வரும். இடியப்பத்தைச் சொதியில் ஊற வைத்து மசியுங்கள், ஆனால் சொதி மிதக்கக் கூடாது. பாண் வாய்க்குள் பசைபோல் உருண்டு அடைக்கும், கவனம். நோன்புக் கஞ்சி இறைச்சித் துண்டு இல்லாமல் நன்றாகக் கடைந்தால் அருமையான உணவு. வட்டிலப்பமோ இந்த நோயாளிக்கென்றே செய்தது போல் இருக்கும். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி. சிறு அளவில் நிறையச் சத்து, மெல்லும் வேலை இல்லை. மேலே தூவிய கஜுவை மட்டும் எடுத்து விடுங்கள். மறதி நோயாளிகள் பலருக்கு இனிப்பில் ஆசை கூடுவதும் நமக்கு உதவி. சீனி வருத்தமுள்ளவர்களுக்கு அளவை டொக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். வாற்கோதுமை மாவிலான 'தல்பீனா' கஞ்சி நோயாளியின் மனதுக்கு ஆறுதல் தரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் இருக்கிறது. வழுவழுப்பான அந்தக் கஞ்சி விழுங்கவும் எளிது.

மசியல் சரியான பதமா என்றறிய ஒரு வழி. கரண்டியில் எடுத்துச் சரித்துப் பாருங்கள். ஒரே கட்டியாகப் 'பொதக்' என்று விழ வேண்டும். வழிந்தோடினால் நீர்ப்பதம், கரண்டியில் ஒட்டிக் கொண்டால் தொண்டையிலும் ஒட்டும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அங்குள்ள உறவினர் "உம்மாவுக்கு நாலாம் இலக்கச் சாப்பாடு" என்று சொன்னால், அது இந்தக் கரண்டி மசியல்தான்.

தண்ணீரைத் தடிப்பாக்கும் தூளும் அங்கே கொடுப்பார்கள். அதில் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். மறதி நோய் அல்லது பாரிச நடுக்கமுள்ள 515 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், நாடியைத் தாழ்த்திச் சாதாரண நீர் குடித்தவர்களுக்கும் தடிப்பாக்கிய நீர் குடித்தவர்களுக்கும் நியூமோனியா வருவதில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. தடித்த நீர் கொடுக்கப்பட்டவர்களுக்கு உடம்பில் நீர் வற்றுவதோ கூடியிருந்தது. ருசியில்லை என்று குடிக்க மறுப்பதும் ஒரு காரணம். சிபாரிசு செய்தால் ஏன், எதுவரை என்று கேளுங்கள்.

எப்படிக் கொடுப்பது?

படுக்க வைத்து ஊட்டுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. "எழுப்பினா களைச்சுப் போவாங்க" என்று இரக்கப்பட்டுச் செய்கிறோம். அந்த இரக்கம் நுரையீரலுக்குப் போகிறது. சாய்ந்து கொண்டு உண்ண மாட்டேன் என்று சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். நிமிர்த்தி இருத்துங்கள், முதுகுக்குத் தலையணை, நாடி சற்றுத் தாழ்வாக. சாப்பிட்ட பின்னும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். ஒரே மூச்சில் குடிக்காமல் மூன்று மூச்சாகக் குடிப்பதும் அவர்களின் வழிமுறை. இந்த நோயாளிக்கு அது சுன்னத்தாகவும் இருக்கிறது, பாதுகாப்பாகவும் இருக்கிறது. ஒரு மிடறு, இடைவெளி, பிறகு அடுத்த மிடறு.

நீங்கள் நின்று கொண்டு ஊட்டாதீர்கள். மேலே பார்க்கத் தலை நிமிரும், மூச்சுக்குழாய் திறக்கும். கண்ணுக்கு நேராக அமருங்கள். ரேடியோ, டீவியை நிறுத்துங்கள். சத்தமாக 'பிஸ்மில்லாஹ்' சொல்லுங்கள். பேரப்பிள்ளையின் பெயர் மறந்தவருக்கும் பிஸ்மில்லாஹ்வின் பொருள் மறப்பதில்லை. சாப்பாடு வருகிறது என்று உடம்புக்கு அது அறிவித்து விடும். முடிந்தால் அவருடைய வலக்கையைப் பிடித்து அந்தக் கையாலேயே கவளத்தை வாய்க்குக் கொண்டு போங்கள். கரண்டியைக் கண்டு வாயை மூடுபவர்கள் தம் கை விரல் உதட்டில் பட்டதும் திறப்பார்கள். எழுபது வருடப் பழக்கம் அது. நாமெல்லாம் சஹனில் சுற்றியிருந்து உண்டு வளர்ந்தவர்கள். அவரைத் தனியே வைத்துக் கொடுப்பதை விட, எதிரிலிருந்து நீங்களும் உண்டு காட்டினால் பார்த்துச் செய்வார்.

ஒதுக்கி வைத்திருந்தால் வெறுங்கரண்டியை உதட்டில் வைத்துப் பாருங்கள், சில வேளை விழுங்கி விடுவார். கன்னத்தை வெளியிலிருந்து மெல்லத் தடவுங்கள். அடுத்த கவளத்தை அதற்கு மேல் திணிக்காதீர்கள்.

கோப்பையின் நிறமும் கணக்குத்தான். வெள்ளைப் பீங்கானில் வெள்ளைச் சோறு அவர் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். 2004இல் வெளியான பொஸ்டன் ஆய்வொன்றில் கடும் நிறக் கோப்பையும் குவளையும் கொடுத்தபோது நோயாளிகள் கூடுதலாக உண்டார்கள், குடித்தார்கள். ஒன்பது பேரிடம் மட்டுமே செய்தது, ஆனால் சிவப்புக் கோப்பை ஒன்று வாங்கிப் பார்ப்பதில் நமக்கென்ன நஷ்டம்?

தொண்டை அடைத்துப் பேச்சும் இருமலும் நின்று போனால் தாமதிக்காதீர்கள். முன்னே குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு இடையே உள்ளங்கையால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வெளிவராவிட்டால் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து முறை அமுக்குங்கள். மாறி மாறிச் செய்து கொண்டே உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலால் தோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போகும்.

வாய் சுத்தம்

ஜப்பானில் பதினொரு பராமரிப்பு இல்லங்களில் நடந்த ஆய்வொன்று 2002இல் வந்தது. ஒவ்வொரு சாப்பாட்டின் பின்னும் வாயைச் சுத்தம் செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும், அப்படிச் செய்யப்படாதவர்களில் 19 பேருக்கும் நியூமோனியா வந்தது. பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது. நுரையீரலுக்குத் தவறிப் போகும் எச்சிலில் கிருமி குறைவது காரணம். இதற்கு இயந்திரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், ஒரு மிருதுவான பிரஷ் போதும். மிஸ்வாக்கை வலியுறுத்திய நபி (ஸல்) அவர்களுக்கு, இறுதி நேரத்தில் ஆயிஷா (ரழி) அவர்கள் மிஸ்வாக்கைத் தம் வாயால் மென்று பதப்படுத்திக் கொடுத்தார்கள் என்பது நாமெல்லோரும் பயானில் கேட்டதுதானே.

குழாய் போடுவதா?

இந்த நோய் முற்றிய வீடுகளில் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ குழாய் வைத்துப் பால் கொடுக்கலாம் என்பார்கள். மகள்மார் அழுது விடுவார்கள். "வேண்டாம் என்றால் உம்மாவைப் பட்டினி போட்ட பாவம் வருமே."

உண்மையைச் சொல்கிறேன், கேளுங்கள். பாரிசவாதம் வந்து தேறும் வரை சில கிழமைகள் குழாய் வைப்பது வேறு விடயம், அது உயிர் காக்கும். முற்றிய மறதி நோயில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ நியூமோனியாவைத் தடுப்பதாகவோ நிரூபிக்கப்படவில்லை. எச்சிலும் வயிற்றிலிருந்து மேலேறும் பாலும் குழாய் இருந்தாலும் நுரையீரலுக்குப் போகத்தான் செய்யும். படுக்கைப் புண் கூடும். பிடுங்கி விடுவார் என்று கையைக் கட்டுவதும் நடக்கும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் இதைத் தெளிவாகவே சொல்லி, குழாய்க்குப் பதில் கவனமாகக் கையால் ஊட்டுவதைச் சிபாரிசு செய்திருக்கிறது.

நோயின் கடைசிப் படியில் உடம்பே உணவைக் கேட்பதை நிறுத்திக் கொள்ளும். உண்ணாததால் அவர் போகவில்லை, போகும் வழியில் இருப்பதால் உண்ணவில்லை. நோயாளிகளை உணவுக்குக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்ற கருத்தில் திர்மிதியில் ஒரு ஹதீஸ் உண்டு. முதுமையின் தள்ளாத எல்லையைப் பற்றி, அறிந்ததெல்லாம் அறியாமற் போகும் நிலையைப் பற்றி, குர்ஆனிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஆலிம்களிடம் தீர்ப்புக் கேட்பதென்றால் "குழாய் போடலாமா?" என்று வெறுமனே கேட்காதீர்கள். நோய் எந்தக் கட்டம், டொக்டர் என்ன பலனை எதிர்பார்க்கிறார், என்ன கெடுதி வரும் என்பதையெல்லாம் எழுதிக் கொண்டு போய்க் கேளுங்கள். கேள்வி அரைகுறையாக இருந்தால் பதிலும் அப்படித்தான் இருக்கும்.

இல்லத்தில் விட நேர்ந்தால்

முதியோர் இல்லம் என்றதும் முகம் சுளிக்கிறோம். மகள் வெளிநாட்டில், மருமகள் நோயாளி, பேத்தி பரீட்சையில் என்றாகும்போது சில வீடுகளுக்கு வேறு வழி இருப்பதில்லை. விடுவதோடு கடமை முடிந்து விடாது என்பது மட்டும் என் கருத்து. ஒரு பணிப்பெண் பல பேருக்கு ஊட்ட வேண்டிய இடத்தில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஆகவே சாப்பாட்டு நேரத்தில் பார்க்கப் போங்கள். போய் நீங்களே ஊட்டுங்கள். உறவினர்கள் முறை வைத்துக் கொண்டால் வாரத்தில் பல வேளைகள் நிறைந்து விடும்.

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மூத்தவர்களுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. பிந்திப் படித்த ஆங்கிலம் முந்தி மறந்து போகும். தாதி சொல்வது விளங்காமல் வாயை மூடிக் கொள்வார்கள். உண்ண மறுக்கிறார் என்று அங்கே எழுதி வைப்பார்கள். காரைநகர்த் தாய்க்கும் அதே கதிதான், நம் வாப்பாவுக்கும் அதே கதிதான். நமக்கு ஹலால் பிரச்சினை வேறு. இறைச்சியை மட்டும் கேட்டு விட்டு விடாதீர்கள். ஜெலி, புடிங், மாத்திரைக் கூடு இவற்றிலுள்ள ஜெலட்டினைப் பற்றியும் கேளுங்கள்.

எங்கே விட்டாலும் ஒரு தாள் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டி விட்டு வாருங்கள். அவர்களுக்குப் புரியும் மொழியில், பெரிய எழுத்தில். இவரை எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். "வாயைத் திறங்கோ", "முழுங்குங்கோ" என்பவற்றை அவர்கள் எழுத்தில் உச்சரிப்போடு. பன்றி இறைச்சியும் மதுவும் கலந்த எதுவும் கூடாது. வலக்கைப் பழக்கம். இடக் கன்னத்தில் சோற்றை ஒதுக்குவார், பார்க்கவும். பிளேன்டீயைச் சூடு ஆற விட்டுக் கரண்டியால் கொடுக்கவும். கட்டுப்பல் இரவில் கழற்றவும். சாப்பிடும் முன் பிஸ்மில்லாஹ் சொன்னால் வாயைத் திறப்பார்.